நிலவறைத் துவாய்கள்

1

நாளைக்கு அம்மாவின் ஆட்டைத் திவசம். இறந்து ஓர் ஆண்டு முடிகிறது. ஐயர் வருவார். மனைவி மரக்கறி சமைப்பாள். நாலு சொந்தக்காரர் வந்து சாப்பிட்டுவிட்டு, வாகனம் விட்ட இடத்துக்கு நேரம் முடிகிறது என்று எழும்பி ஓடுவார்கள். இன்றைக்கு எனக்குச் சலவை அறையின் முறை.

ஊரில் இருப்பவர்களுக்கு இந்த 'முறை' விளங்காது. சுவிஸில் நாங்கள் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தில் நினைத்த நாளில் உடுப்புத் தோய்க்க முடியாது. நிலவறையில் ஒரு சலவை அறை, எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு யந்திரம், இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள். அந்த நாளில் சாவி எங்கள் கையில். அடுத்த நாள் காலையில் அதைப் பக்கத்து வீட்டுத் தபால் பெட்டிக்குள் போடாவிட்டால் கதவில் கடதாசி ஒட்டப்பட்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை தோய்க்கக்கூடாது. யந்திரத்தின் வடிகட்டியில் ஒரு மயிர் கிடந்தாலும், அது கறுத்த மயிர் என்றால் வழக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

யாழ்ப்பாணத்து இணுவிலில் நாங்கள் கிணற்றடியில் தோய்த்து வேலியில் எறிந்துவிட்டுப் பள்ளிக்கூடம் போன ஆட்கள். திரும்பி வரும்போது உடுப்பு அப்பளம் போலக் காய்ந்து கிடக்கும். உடுப்புக் காய்வதற்கு அறிவு வேண்டும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

இன்று நான் தோய்த்தது, குளித்தால் துடைக்கும் ஒரே ஒரு துவாய். அதற்குப் பின்னால் உள்ள கதையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எழுதினால் மனம் ஆறும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

2

முதலில் அந்த மணத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எங்கள் குளியலறைக்கு யன்னல் இல்லை. மற்ற அறைகளுக்கு இருக்கிறது, ஆனால் ஐப்பசி பிறந்தால் என் மனைவி வசந்தி அவற்றைப் பூட்டிவிடுவாள். பனி தலைக்குள் இறங்கும் என்ற யாழ்ப்பாணத்துப் பயத்தை அவள் விமானத்தில் கையோடு கொண்டு வந்தவள். நிலவறையில் கொடி கட்டி வைத்திருக்கிறார்கள், ஆனால் அடுத்த நாள் வேறொருவரின் முறை. ஆகவே அரைகுறையாய்க் காய்ந்ததை அள்ளிக்கொண்டு மேலே வந்து கதிரை, கட்டில், கதவு என்று கண்ட இடமெல்லாம் விரிப்போம். மாதக்கணக்கில் வீடே ஓர் ஈரக் கொடியாக இருக்கும்.

மழைக்காலத்தில் மூலையில் கிடந்த சாக்கை உதறினால் ஒரு மணம் வருமே, அதுதான். துவாய் காய்ந்திருக்கும்போது தெரியாது. குளித்துவிட்டு ஈர முகத்தை ஒற்றினால் எழும்பி மூக்குக்குள் ஏறும். வந்த புதிதில் இரண்டு பேரும் முகத்தைச் சுளித்திருக்கிறோம். பிறகு பழகிவிட்டது. பழகியபின் அப்படி ஒரு மணம் இருப்பதே எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது.

எங்களுக்கு அதைத் திரும்ப அறிவித்தவள் மகள் ஆரணி. வேறொரு நகரத்தில் வேலை செய்கிறாள், மாதத்தில் ஒருநாள் வருவாள். காரை நிறுத்திவிட்டு, மேலங்கியைக் காருக்குள்ளேயே கழற்றி வைத்துவிட்டுக் குளிரில் நடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி வருவாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளின் நாகரிகம் என்று நான் நினைத்திருந்தேன். ஒருநாள் வசந்தி கேட்டே விட்டாள்.

"ஏன் பிள்ளை உதை அங்கை கழட்டிப்போட்டு வாறாய்? தடிமன் வரப்போகுது."

"அம்மா, உங்கடை வீட்டு மணம் உடுப்பிலை பிடிக்குது. போகாது. வேலையிலை கேக்கினம்."

உங்கடை வீடு என்றாள். தமிழ் பிசகிவிட்டது என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன். யோசித்துப் பார்த்தால் அவள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். இங்கே அவள் இரவு தங்கிப் பல காலமாகிவிட்டது.

கட்டட நிருவாகத்துக்கு முறைப்பாடு எழுதினோம். நாளுக்கு மூன்று தரம் யன்னல்களை அகலத் திறக்கவேண்டும், வீட்டுக்குள் உடுப்புக் காயப்போடுவது விதிக்கு மாறானது என்று பதில் வந்தது. குற்றம் சொல்லப் போய்க் குற்றவாளியாகித் திரும்பினோம். பிறகு கட்டடப் பராமரிப்பாளர் நேரில் வந்து பார்த்தார். நிலவறை மணக்கிறது என்று சொல்ல வெளிக்கிட்ட நான், அவருடைய மொழியில் 'நான் மணக்கிறேன்' என்று சொல்லிவிட்டேன். மரியாதையான மனிதர். தலையை ஆட்டிவிட்டு ஓர் அடி பின்னால் போய் நின்றார்.

3

அந்த நிலவறையில்தான் பெட்டியும் இருந்தது.

ஊருக்குக் கப்பலில் போகும் பெட்டியைப் பற்றி உங்களுக்குத் தெரியும். வந்து இறங்குவது தெரியும், நிரம்புவது தெரியாது. ஒரு பெரிய மட்டைப் பெட்டியை வாங்கி நிலவறை மூலையில் வாயைத் திறந்து வைத்துவிடுவோம். மலிவு விற்பனையில் சவர்க்காரம் கண்டால் அதற்குள், பால்மா கண்டால் அதற்குள், சப்பாத்துக் கண்டால் அதற்குள். நிரம்ப மாதங்கள் ஆகும். நான் போடுவதில் முக்கால்வாசி துவாய். ஊரில் கிடைக்காத தடிப்பு, ஆட்டுக்குட்டியைத் தொடுவது போல இருக்கும். அம்மாவுக்கு வேறென்ன அனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை. சாப்பிடக் கொடுத்தால் சீனி வருத்தம், உடுக்கக் கொடுத்தால் அலுமாரிக்குள் போய்விடும்.

புதுத் துவாய்கள் அந்தப் பெட்டிக்குள் நிலவறையின் ஈரத்தைக் குடித்துக்கொண்டு கிடந்து, ஒட்டி மூடிய பிறகு கடலிலும் கிடந்து இணுவிலுக்குப் போய்ச் சேரும். 

அம்மா அப்போது படுக்கையில். கிணற்றடியில் வழுக்கி விழுந்தவர் பிறகு எழும்பவில்லை. சீனி வருத்தம் கண்ணை ஏற்கெனவே தின்றுவிட்டது. ஞாபகமும் வந்து வந்து போகும். அவரைப் பார்த்துக்கொண்டது என் தங்கை செல்வி. அவளுடைய கணவருக்குச் சுன்னாகம் சந்தையில் வெங்காய வியாபாரம், விடியப் போனால் பின்னேரம்தான் வீடு. தூக்குவது, துடைப்பது, தோய்ப்பது எல்லாம் அவள் ஒருத்தி.

நான் ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். வதிவிட அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். பழையதை வாங்கி வைத்துக்கொண்டார்கள், புதியது வரவில்லை. அட்டை இல்லாமல் நாட்டை விட்டுப் போகத் தடையில்லை, திரும்பி வரத்தான் முடியாது. அட்டை கொடுக்கும் அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் அம்மாவுக்குக் கடுமை என்று சொன்னேன். வருந்துகிறேன், காத்திருங்கள் என்றார். ஒவ்வொரு முறையும் அதே இரண்டு சொல்.

கடைசியாக நான் ஊருக்குப் போயிருந்தபோதே அம்மாவுக்குப் பார்வை மங்கி விட்டிருந்தது. வாசலில் வைத்து என் கன்னத்தைப் பிடித்து, எங்கள் ஊர்த் தாய்மார் கொஞ்சுவது போல, மூக்கை வைத்து இழுத்துக் கொஞ்சினார். உதடு படாது, மூச்சை உள்ளே இழுப்பதுதான் கொஞ்சல். இழுத்துவிட்டு, "வேறை மணமாக் கிடக்கடா பெரியவன்" என்றார். வீட்டில் எனக்குப் பெயர் பெரியவன். "அந்த நாட்டு மணம்" என்று சொல்லிவிட்டு இன்னொருதரம் இழுத்தார். நான் விமான மணம் என்று சொல்லிச் சிரித்தேன்.

4

கார்த்திகை மழை விடாமல் பெய்த நாட்களில் செல்வியின் குரலில் களைப்புத் தெரிந்தது. வேலையிடத்து மதிய இடைவேளையில் நான் அவளுக்குப் போன் எடுத்திருந்தேன்.

"அண்ணை, நீங்கள் அனுப்பின துவாயள் ஒண்டும் காயுதில்லை. பிழிஞ்சாலும் தண்ணி நிக்குது. கொட்டிலுக்குள்ளை போட்டால் மூண்டு நாளாகுது. ஒரே நாத்தம்."

"அப்ப பழைய வேட்டித் துணியைப் போடன். மெல்லிசு, கெதியிலை காயும்."

"போட்டனான். பிடுங்கி எறியிறா. பெரியவன் அனுப்பினது கிடக்க உந்தக் கந்தலையோ போடுறாய் எண்டு பேச்சு. அந்தத் துவாயைக் கழுத்துக்குக் கீழை வைச்சு, நுனியை மூக்கோடை பிடிச்சுக்கொண்டுதான் படுப்பா. முதுகிலை புண் துடங்கீட்டுது. வந்து பாத்த நேர்ஸ் பிள்ளை, உந்த மணக்கிற துணியைப் புண்ணிலை முட்டவிடாதேங்கோ எண்டு சொல்லீட்டுப் போகுது."

நான் அனுப்பிய பாசம் என் அம்மாவின் முதுகில் புண்ணுக்குப் பக்கத்தில் காயாமல் கிடக்கிறது. அன்றைக்கு மிச்ச வேலையை எப்படிச் செய்தேன் என்று ஞாபகம் இல்லை.

போக முடியாதவன் வேறென்ன செய்வான், ஆராய்ச்சி செய்தான். மணம் எடுப்பதைப் பற்றிக் கைப்பேசியில் கிடந்ததையெல்லாம் பார்த்தேன். ஆரணியையும் கேட்டேன். மேலங்கிக் கதைக்குப் பிறகு அவளிடம் நான் கேட்ட முதல் உதவி அது. அடுத்த முறை வந்தபோது சலவை அறைக்கே இறங்கி வந்தாள். யந்திரத்தின் வாயில் இருக்கும் றப்பர் வளையத்தை விரித்துக் காட்டினாள். உள்ளே கறுப்பாய்ப் பூஞ்சணம் படிந்திருந்தது.

"அப்பா, நீங்கள் சவர்க்காரத் தூள் கூடுதலாப் போடுறியள். அது துணிக்குள்ளை நிக்குது. பிறகு வாசனைத் தண்ணியும் ஊத்துறியள். நாத்தத்துக்கு மேலை பூச்சுப் பூசின மாதிரித்தான்."

அவள் சொன்னபடி செய்தோம். வளையத்தைத் துடைத்தோம். துவாய்களைச் சவர்க்காரம் இல்லாமல் கொதிக்கிற சூட்டில் வினாகிரி விட்டு ஒருதரம், அலசிவிட்டு அப்பச்சோடா போட்டு இன்னொருதரம். இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒன்றையொன்று தின்று பச்சைத் தண்ணீராகிவிடும், ஆகவே தனித்தனியாக. முடிந்தவுடன் வெளியே எடுத்து உதறி, இடம் விட்டு விரித்து, யன்னலை அகலத் திறந்துவிட வேண்டும். யன்னலுக்கு வசந்தியோடு சண்டை பிடிக்க வேண்டியிருந்தது. கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு குந்தியிருந்து, "உங்கடை ஆராய்ச்சியிலை நான் செத்துப்போவன்" என்றாள்.

மணம் போய்விட்டது. ஈர முகத்தை ஒற்றி ஒற்றிப் பார்த்தேன், இல்லை. எங்கள் முறைப்பாடு எந்தத் தெய்வத்தின் காதில் விழுந்ததோ, நிருவாகமும் அந்த நாட்களில் நிலவறைக்குக் காற்றாடி பூட்டி, மூலை முடுக்கில் கிடந்ததையெல்லாம் அகற்றச் சொல்லி, சுவருக்கு மருந்தடித்தது. அடுத்த மாதம் ஆரணி மேலங்கியோடு வாசலுக்கு வந்தாள். அதைக் கழற்றி எங்கள் கொளுக்கியில் மாட்டினாள். அன்றிரவு தங்கினாள். வசந்தி சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள்.

எனக்கு வெற்றி தலைக்கு ஏறிவிட்டது. செல்விக்கு ஒரு நீண்ட குரல்பதிவு அனுப்பினேன். எவ்வளவு வினாகிரி, எவ்வளவு அப்பச்சோடா, எது முதல், எது பிறகு என்று பாடம் நடத்தினேன். திரும்பி வந்த பதில் கட்டை.

"அண்ணை, உங்கை இருந்து சொல்லுறது சுகம். யன்னலைத் திறக்கட்டாம். இஞ்சை திறந்தால் மழையெல்லோ உள்ளுக்கை வருது. வெயிலை நான் எங்கை போய் வாங்குறது?"

ஆனாலும் செய்தாள். அம்மாவுக்காகச் செய்தாளோ எனக்காகச் செய்தாளோ தெரியாது. மழை விட்ட ஒரு காலையில் வீட்டின் பின்பக்கக் கோடியில் அடுப்பு மூட்டி, பொங்கலுக்கு எடுக்கும் கிடாரத்தை வைத்து எல்லாத் துவாயையும் அவித்தாள். நாலைந்து நாள் நல்ல வெயில் எறித்தது. கொடி நிறையத் துவாய்கள் கிடப்பதைப் படம் பிடித்து அனுப்பினாள். "ஒரு பொட்டு மணமும் இல்லை அண்ணை" என்று குரலில் சந்தோசம். பல மாதத்துக்குப் பிறகு நான் நெஞ்சு நிறையச் சாப்பிட்டேன். அம்மாவுக்கு என் கையால் ஒன்று செய்து முடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

5

அடுத்த நாள் செல்வி எடுத்தாள். மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"என்ன, அம்மாவுக்கு ஏதுமோ?"

"இல்லை. துவாயை நெஞ்சிலை போட்டுவிட்டன். எடுத்து மோந்து பாத்தா. பாத்திட்டு, இது ஆரின்ரை துவாய் எண்டு கேக்கிறா."

"நான் அனுப்பினது எண்டு சொல்லன்."

"சொன்னனான். இல்லை, உது அவன்ரை இல்லை எண்டு தள்ளிவிட்டா. பிறகு, அறைக்குள்ளை நிண்டவன் எங்கை எண்டு கேட்டா. ஆரம்மா எண்டன். பெரியவன் எண்டா. எனக்குச் சொல்லாமல் போயிட்டானோ எண்டு கேட்டா, அண்ணை."

எனக்கு விளங்கவில்லை.

செல்வி என்னிடம் மறைத்திருந்ததை அப்போதுதான் சொன்னாள். அந்தத் துவாய்கள் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து அம்மா நான் வீட்டுக்கு வந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். கண் தெரியாது. மூக்கில் என் மணம் இருக்கிறது. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். தேத்தண்ணி குடிச்சியோ என்று கேட்பாராம். ஏன் கதைக்கிறாய் இல்லை, கோபமோ என்று கேட்பாராம். பிறகு துவாயை மூக்கோடு வைத்து இழுத்துக் கொஞ்சிவிட்டுப் படுப்பாராம். நான் கவலைப்படுவேன் என்று செல்வி இதை எனக்குச் சொல்லவில்லை. காயாத துவாயையும் புண்ணையும் மட்டும் சொன்னாள்.

"எனக்கும் விளங்கேல்லை. ஞாபகப் பிசகு எண்டு நினைச்சனான். அந்த மணத்திலைதான் நீங்கள் நிண்டிருக்கிறியள். நான் அவிச்சுப்போட்டன்."

"நீ என்ன செய்வாய், நான்தானே சொன்னது."

"இப்ப சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறா. கஞ்சியும் வேண்டாமாம். அண்ணை, அந்த மணத்தோடை ஒண்டு கிடந்தால் அனுப்புங்கோ. புண்ணிலை முட்டாமல் நான் பாத்துக்கொள்ளுறன்."

6

வசந்தியின் ஒன்றுவிட்ட தம்பி அடுத்த கிழமை இணுவிலுக்குப் பக்கத்துக் கொக்குவிலுக்குப் பயணமாக இருந்தான். ஒரு துவாய் கொண்டுபோகச் சொன்னால் கொண்டுபோவான். ஆனால் அந்த மணத்துக்கு நான் எங்கே போவேன்?

நிலவறைக்கு இறங்கினேன். சுவரில் மருந்து மணம், காற்றாடி சுழன்றுகொண்டிருந்தது. பெட்டி இருந்த மூலை கூட்டித் துப்புரவாகக் கிடந்தது. மேலே வந்து அலுமாரியில் இருந்த துவாய், போர்வை, பழைய காற்சட்டை எல்லாவற்றையும் எடுத்து மோந்தேன். எதிலும் ஒன்றும் இல்லை. வீட்டில் ஒரு மூலை விடாமல் நானே என்னைத் துடைத்து எடுத்திருந்தேன்.

கடைசியில் ஒரு துவாயைத் தண்ணீரில் நனைத்து அரைகுறையாய்ப் பிழிந்தேன். பொலித்தீன் பைக்குள் திணித்து வாயை இறுக்கிக் கட்டினேன். அதைக் குளியலறைச் சூடாக்கிக்குப் பின்னால் செருகி வைத்தேன்.

வசந்தி கண்டுவிட்டாள். "என்ன செய்யிறியள்?"

சொன்னேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

வேலைக்குப் போகமுதல் பையை அவிழ்த்து மோப்பேன். ஈரத் துணி மணம்தான் வரும், அந்த மணம் வராது. திரும்பக் கட்டுவேன். வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றாமல் போய் மோப்பேன். எத்தனையோ வருடம் என் தோளிலும் தலையிலும் கேட்காமல் வந்து ஒட்டிக்கொண்ட மணம், அம்மாவுக்கு வேண்டும் என்றபோது வரமாட்டேன் என்றது. கும்பிடாத குறையாகக் குந்தியிருந்தேன். மெல்ல ஒருநாள் காலையில், துணியின் ஒரு தொங்கலில், மெல்லிசாக அது கிளம்பியது. ஓம், இதுதான் என்று வாய்விட்டுச் சொன்னேன். இன்னும் இரண்டு நாள் விட்டால் முற்றிவிடும், பயணத்துக்கு முன் அவ்வளவு நாள் காணும் என்று கணக்குப் போட்டேன்.

அன்று மதியம் செல்வி எடுத்தாள். அவள் வாய் திறக்கமுதலே எனக்குத் தெரிந்துவிட்டது.

"போயிட்டா, அண்ணை. விடிய நீங்கள் வந்திட்டியளோ எண்டு கேட்டவ. நான் ஓமெண்டு சொல்லேல்லை. துவாயை மோந்தால் கண்டுபிடிச்சிடுவா எண்டு பயந்திட்டன். சொல்லியிருக்கலாம் அண்ணை. சும்மா ஓமெண்டு சொல்லியிருக்கலாம்."

செத்தவீட்டைக் கைப்பேசியின் கையளவு கண்ணாடியில் பார்த்தேன். படம் அடிக்கடி உறைந்து நின்றது. கொள்ளி வைக்க வேண்டியவன் வெளிநாட்டில் சார்ஜரைத் தேடிக்கொண்டிருந்தேன். செல்வியின் கணவர் கொள்ளி வைத்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்த பிறகு ஒருநாள் தபால் பெட்டியில் என் வதிவிட அட்டை கிடந்தது. படம் நல்ல தெளிவாக விழுந்திருந்தது. இனி எப்போதும் போகலாம். செல்வியிடம் சொன்னேன். "இனி வந்தென்ன அண்ணை, ஆறுதலா வாங்கோ" என்றாள். நான் இன்னும் போகவில்லை.

பையை நான் மறந்தே போனேன். நாட்கள் போய் வீடு முழுக்க நாறியபோது வசந்திதான் இழுத்தெடுத்தாள். நான் எறியவிடவில்லை. பைக்கு மேல் பை போட்டுக் கட்டி நிலவறையில் எங்கள் வீட்டுக்கென்று உள்ள பெட்டகத்துக்குள் வைத்தேன். வீடு நாறிய அந்த நாட்களில் ஒருமுறை வந்த ஆரணி இரவு தங்காமல் போனாள். காரணம் கேட்க எனக்குத் தெம்பில்லை.

7

இன்று காலை சாவி கைக்கு வந்ததும் அதை எடுத்தேன். ஒவ்வொரு பையாக அவிழ்த்தேன்.

துவாய் கறுத்துப்போயிருந்தது. மூக்கை வைத்து உடனே எடுத்தேன். அம்மா தேத்தண்ணி குடிச்சியோ என்று கேட்ட மணம் இதில் இல்லை. இது அழுகல். ஒருநாள் காலையில் ஒரு தொங்கலில் கிளம்பியது எனக்குச் சாட்சியாக என்றாலும் கிடக்கும் என்று நினைத்திருந்தேன். அதுவும் செத்துவிட்டது.

எறிந்திருக்கலாம். ஆனால் கைகள் பழகிய வேலையைச் செய்தன. சவர்க்காரம் இல்லாமல், கொதிக்கிற சூட்டில், முதலில் வினாகிரி. அலசி, பிறகு அப்பச்சோடா. யந்திரத்துக்கு முன்னால் குந்தியிருந்து அது சுழல்வதைப் பார்த்தேன். உதறினேன், இடம் விட்டு விரித்தேன், நிலவறைக் காற்றாடியைத் திருப்பிவிட்டேன். கறை முழுவதும் போகவில்லை, சாம்பல் நிறமாக அங்கங்கே நிற்கிறது.

மற்றதெல்லாம் போய்விட்டது. பின்னேரம் மேலே கொண்டுவந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு அதில் ஒற்றினேன். நாளைக்கு ஐயர் தர்ப்பையைப் போட்டு அம்மாவின் பெயரைச் சொல்லச் சொல்லுவார். சொல்லிவிட்டு ஈரக்கையை இதில்தான் துடைக்கப்போகிறேன். மூச்சை உள்ளே இழுத்துப் பார்த்தேன். அம்மா கொஞ்சுவது போல, திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒருவருடைய மணமும் இல்லை.

வசந்தி சமையலறையிலிருந்து வந்தவள், என் கையில் இருந்ததைப் பார்த்தாள். அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. சும்மா கேட்கிற குரலில்தான் கேட்டாள்.

"இது ஆரின்ரை துவாய்?"